கலிபோர்னியாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு: மாநில விடுப்புச் சட்டமும் கம்பெனி பிடிஓவும்

கலிபோர்னியாவில் வேலைக்குச் சேரும்போது கையில் தரப்படும் ஹேண்ட்புக்கில் "ஆண்டுக்கு 15 நாள் பிடிஓ" என்று, அதாவது சம்பளத்தோடு கூடிய விடுப்பு 15 நாள் என்று, ஒரு வரி இருக்கும். புதிதாக வந்தவர்களில் பலர் அந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சலுக்கும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். குழந்தை பிறந்தாலும் அதையே கரைக்கிறார்கள். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஊருக்குப் போனால் மிச்சத்தையும் தீர்க்கிறார்கள். சம்பளத்தில் எஸ்டிஐ (மாநில இயலாமைக் காப்பீடு) என்று மாதாமாதம் பிடிக்கப்பட்ட பணம் எதற்கு என்று கேட்பதே இல்லை. சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதைக் கேட்டு வாங்காமல் சொந்த விடுப்பைச் செலவழிப்பது வீண் இழப்பு. அதைத் தவிர்க்க என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

தனியார் நிறுவன ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்று அமெரிக்காவில் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. 1993இல் வந்த எஃப்எம்எல்ஏ என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது, ஆனால் சம்பளம் இல்லாமல். அதுவும் குறைந்தது 50 பேர் உள்ள நிறுவனங்களில் மட்டும். மற்றதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் ஒரு கணக்கு, நியூயார்க்கில் வேறு. டெக்சாஸில் சிக் லீவுக்கென்று மாநிலச் சட்டமே கிடையாது. பொதுவாக, நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அந்த மாநிலச் சட்டம்தான் உங்களுக்கு. தலைமையகம் சான் ஹோசேயில் இருந்தாலும் டாலஸில் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. இங்கே கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

எந்த விடுப்பாக இருந்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். வேலைக்கு வராமல் இருக்கும் உரிமையை எந்தச் சட்டம் தருகிறது? அந்த நாட்களுக்குப் பணம் தருவது யார், கம்பெனியா மாநிலமா? திரும்பி வரும்போது என் வேலை இருக்கும் என்பதற்கு எது உத்தரவாதம்?

இந்த மூன்றுக்கும் ஒரே சட்டம் பதில் சொல்வது அரிது. மாநிலம் எட்டு வாரம் பணம் தரும், ஆனால் அதே சட்டம் வேலையைக் காப்பாற்றாது. வேறொரு சட்டம் வேலையைக் காப்பாற்றும், ஒரு டாலர்கூடத் தராது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எச்ஆர் "உங்கள் லீவு அப்ரூவ் ஆகிவிட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பினால் எந்தச் சட்டத்தின்கீழ், எத்தனை வாரம், சம்பளத்தோடா இல்லாமலா என்று பதில் எழுதிக் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். அவர்கள் தினமும் பதில் சொல்லும் கேள்வி அது.

சேர்ந்த முதல் வாரத்தில்

ஆஃபர் லெட்டர், ஹேண்ட்புக், முதல் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிடிஓ ஒரே மூட்டையாகத் தரப்படுகிறதா, அல்லது வெகேஷன் தனி, சிக் லீவ் தனியா?
2. ஒவ்வொரு சம்பளத்துக்கும் எத்தனை மணி நேரம் சேர்கிறது? ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் பே ஸ்டப்பில் 4.62 என்று ஏறவேண்டும்.
3. பிடிஓ சேருவதற்கு உச்சவரம்பு எவ்வளவு?
4. எஸ்டிஐ பிடித்தம் இருக்கிறதா? 2025இல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம். முன்பு ஆண்டுச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் பிடித்தம் நின்றுவிடும்; 2024 ஜனவரி முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டு, முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறார்கள். எஸ்டிஐக்குப் பதில் "வாலண்டரி பிளான்" என்று போட்டிருந்தால் கம்பெனி தனித்திட்டம் நடத்துகிறது என்று பொருள். அப்போது மாநிலத்திடம் விண்ணப்பிக்கக் கூடாது, கம்பெனி சொல்லும் இடத்தில் விண்ணப்பிக்கவேண்டும்.
5. பே ஸ்டப், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இனிஷியலை விரித்து எழுதியது, அப்பா பெயர் குடும்பப் பெயரானது, "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியாது) என்று விழுந்தது என நம் பெயர்களில் வரும் வேறுபாடுகள் விண்ணப்பத்தின் அடையாளச் சரிபார்ப்பில் தாமதத்தை உண்டாக்கும். பிரசவ நேரத்தில் இதைச் சரிசெய்ய ஓடுவதைவிட இப்போதே பேரோலில் சொல்லித் திருத்திவிடுங்கள்.

சிக் லீவ்: சட்டம் தருவது, கம்பெனி சேர்ப்பது

2015 ஜூலையில் கலிபோர்னியாவில் சம்பளத்தோடு கூடிய சிக் லீவ் கட்டாயமானது. அப்போது ஆண்டுக்கு 3 நாள் அல்லது 24 மணி நேரம். 2024 ஜனவரி 1 முதல் அது 5 நாள் அல்லது 40 மணி நேரம், இரண்டில் எது அதிகமோ அது. ஒரு நாளைக்கு 10 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு 5 நாள் என்பது 50 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் மட்டும் வேலை பார்ப்பவருக்கு 40 மணி நேரம் என்பது 10 நாள்.

ஓராண்டுக்குள் ஒரே முதலாளியிடம் 30 நாளாவது கலிபோர்னியாவில் வேலை செய்தால் போதும், பகுதிநேரம், தற்காலிகம் எல்லாம் அடங்கும். சேர்ந்த நாளிலிருந்து கணக்கு ஏறும். ஆனால் 90ஆவது நாள் முதல்தான் எடுக்க முடியும். அதற்கு முன்பே கொடுப்பது கம்பெனியின் விருப்பம்.

கம்பெனிகள் இதை இரண்டு வழிகளில் தருகின்றன. ஒன்று, ஆண்டின் தொடக்கத்திலேயே மொத்தமாகப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகவேண்டியதில்லை. இன்னொன்று, வேலை செய்யும் ஒவ்வொரு 30 மணி நேரத்துக்கும் 1 மணி நேரம் சேர்ப்பது. வாரம் 40 மணி நேரம் என்றால் 40 மணி நேர சிக் லீவ் சேர 30 வாரம் ஆகும். இந்த வழியில் மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் மொத்த இருப்பை 80 மணி நேரம் அல்லது 10 நாளில் நிறுத்திவைக்கவும், ஓராண்டில் எடுப்பதை 40 மணி நேரம் அல்லது 5 நாளோடு நிறுத்தவும் கம்பெனிக்கு உரிமை உண்டு. இருப்பில் 70 மணி நேரம் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்க நினைத்து ஏமாறுபவர்கள் இந்த வரம்பைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கம்பெனி பிடிஓ இதோடு எப்படிச் சேருகிறது? கம்பெனி ஒரே மூட்டையாகப் பிடிஓ தந்து, அளவும் சேரும் வேகமும் எடுக்கும் விதிகளும் மாநிலச் சட்டத்துக்குக் குறையாமல் இருந்தால், தனியாக சிக் லீவ் தரத் தேவையில்லை. புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 15 நாளையும் டிசம்பரில் ஊருக்குப் போய்த் தீர்த்துவிட்டு, திரும்பியதும் ஃப்ளூ வந்தால், "சட்டப்படி எனக்கு 5 நாள் உண்டே" என்று கேட்க முடியாது. அந்த 5 நாளும் நீங்கள் தீர்த்த 15க்குள்தான் இருந்தது. ஆகவே ஒரே மூட்டை உள்ள கம்பெனியில் வேலை செய்தால் 40 மணி நேரத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், முக்கியமாகக் குழந்தைகள் டே கேருக்குப் போகும் குளிர்காலத்தில். சிக் லீவ் தனி, வெகேஷன் தனி என்று தரும் கம்பெனியில் இந்தக் கவலை இல்லை.

அதே சமயம், பிடிஓ என்ற பெயர் இருப்பதால் சிக் லீவுக்குரிய பாதுகாப்பு போய்விடாது. "பிடிஓவுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லவேண்டும்" என்ற விதியைக் காலையில் வந்த காய்ச்சலுக்குப் பயன்படுத்த முடியாது. முன்கூட்டித் தெரிந்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றால் நியாயமான அவகாசத்தில் சொல்லவேண்டும். தெரியாதது என்றால் முடிந்த அளவு சீக்கிரம் சொன்னால் போதும். உங்களுக்குப் பதில் ஆள் பிடித்துத் தரும்படி கேட்கக் கூடாது. ஒருமுறை எடுப்பதற்குக் குறைந்தபட்சமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் விதிக்கக் கூடாது. ஒரு மணி நேரப் பல் டாக்டருக்காக முழுநாளை வெட்டுவது தவறு. சட்டப்படியான சிக் லீவ் நாளை வருகைப் புள்ளிகளில் குறையாகக் கணக்கிடும் விதியும் செல்லாது. மருத்துவச் சான்று இல்லை என்று சொல்லி இந்தச் சிக் லீவை மறுப்பது சட்டத்தோடு மோதக்கூடும் என்பதே லேபர் கமிஷனர் அலுவலகத்தின் நிலைப்பாடு.

யாருக்காக எடுக்கலாம் என்ற பட்டியல் நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படுவது. நீங்கள், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா, மாமனார் மாமியார், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். இதோடு 12 மாதத்துக்கு ஒருவரை நீங்களே பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் வந்து தங்கியிருக்கும் சித்தியை அப்படிச் சேர்க்க முடியும். நோய்க்கு மட்டும் அல்ல, வருமுன் காப்புப் பரிசோதனைக்கும் எடுக்கலாம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமியாரை இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் அரை நாள் சிக் லீவில் அடங்கும். அதற்கு வெகேஷனைத் தொடவேண்டாம்.

நகரச் சட்டங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ 2007இலேயே நாட்டின் முதல் சிக் லீவ் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆண்டுக்கு 48 மணி நேரம். மாநிலச் சட்டம், நகரச் சட்டம், கம்பெனிக் கொள்கை மூன்றில் ஊழியருக்கு எது கூடுதலோ அது பொருந்தும்.

வெகேஷன்: சேர்ந்தது உங்கள் சம்பளம்

வெகேஷன் தரவேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம் இல்லை. ஆனால் தருவதாகச் சொல்லிவிட்டால், நாளுக்கு நாள் சேரும் அது சம்பளத்துக்குச் சமம். 1982இல் மாநில உச்ச நீதிமன்றம் சுவாஸ்டெஸ் வழக்கில் இதை உறுதிசெய்தது. அதனால் "டிசம்பர் 31க்குள் எடுக்காவிட்டால் போய்விடும்" என்ற விதி இங்கே செல்லாது. வேறு மாநிலக் கம்பெனிகளின் ஹேண்ட்புக்கில் அந்த வரி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கண்டு பதறி நவம்பரில் விடுப்பைக் கொட்டித் தீர்க்கவேண்டாம்.

உச்சவரம்பு மட்டும் செல்லும். ஆண்டுக்கு 120 மணி நேரம், வரம்பு 180 என்று வைத்துக்கொள்வோம். 180ஐத் தொட்டதும் சேருவது நின்றுவிடும். சேர்ந்ததை யாரும் பறிக்கவில்லை, புதிதாக எதுவும் ஏறவில்லை, அவ்வளவுதான். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து வாரம் ஊருக்குப் போவதற்காகச் சேர்த்து வைப்பவர்கள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். 4.62 வீதம் சேர்த்தால் பூஜ்யத்திலிருந்து 180ஐ எட்ட 39 சம்பளங்கள், அதாவது ஒன்றரை ஆண்டு. பயணத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வரம்பைத் தொடும் முன்பே சில வெள்ளிக்கிழமைகளை எடுத்துவிடுங்கள்.

வேலையை விடும்போது மிச்சமிருக்கும் வெகேஷனும் பிடிஓவும் பணமாகக் கைக்கு வரவேண்டும், அதுவும் கடைசி நாள் சம்பள விகிதத்தில். மணிக்கு 60 டாலர் வாங்குபவரிடம் 80 மணி நேரம் இருந்தால் 4,800 டாலர். தனியாகத் தரப்படும் சிக் லீவுக்கு இந்த உரிமை இல்லை. ஆனால் 12 மாதத்துக்குள் அதே கம்பெனிக்குத் திரும்பினால் அந்த இருப்பை மீண்டும் போடவேண்டும். ஒரே மூட்டைப் பிடிஓ என்றால் சிக் லீவுக்கு ஒதுக்கிய பங்குக்கும் பணம் உண்டு. 40 மணி நேரத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அன்லிமிடெட் பிடிஓ" என்றால் சேருவது எதுவும் இல்லை என்பதால் பொதுவாக வெளியேறும்போது கைக்கு எதுவும் வராது. 2020இல் மெக்ஃபெர்சன் வழக்கில், கொள்கை எழுத்தில் இல்லாமல் நடைமுறையில் சில வாரங்களோடு நின்றிருந்ததால் பணம் தரவேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் தெளிவாக இருக்கும் இடத்தில் அதை நம்பியிருக்க முடியாது. அன்லிமிடெட் என்ற சொல்லில் மயங்காதீர்கள்; ஆண்டுக்கு 15 நாள் என்று எழுதித் தரும் கம்பெனியில் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

பிரசவமும் குழந்தையும்: எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடம்

நிதானமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. இங்கே நான்கு ஏற்பாடுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

வேலையைக் காப்பவை இரண்டு. பிடிஎல் எனப்படும் கர்ப்பகால விடுப்பு 5 பேர் உள்ள நிறுவனத்திலேயே கிடைக்கும். எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்ற நிபந்தனை இல்லை. உடல்நிலையால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு நான்கு மாதம் வரை. அடுத்தது சிஎஃப்ஆர்ஏ எனப்படும் கலிபோர்னியா குடும்ப உரிமைகள் சட்டம். இதற்கும் 5 பேர் போதும், ஆனால் 12 மாதப் பணியும், முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேர உண்மையான உழைப்பும் வேண்டும். பிடிஓ எடுத்த மணி நேரங்கள் இந்த 1,250இல் சேராது. தகுதி இருந்தால் குழந்தையோடு இருக்க 12 வாரம், பிறந்த ஓராண்டுக்குள்.

பணம் தருபவையும் இரண்டு, இரண்டும் எஸ்டிஐ பிடித்தத்திலிருந்து வருபவை, ஈடிடி என்ற மாநிலத் துறை தருபவை. தாயின் உடல்நிலைக்கு டிஐ என்ற இயலாமைக் காப்பீட்டுப் பணம்; குழந்தையோடு இருக்கவோ குடும்பத்தினரைக் கவனிக்கவோ பிஎஃப்எல் என்ற குடும்ப விடுப்புப் பணம், 12 மாதத்தில் 8 வாரம். 2025 முதல் வருமானத்தைப் பொறுத்து 70 முதல் 90 சதவீதம் தருகிறார்கள். குறைந்த வருமானக்காரருக்கு 90. 2025க்கான உச்சவரம்பு வாரத்துக்கு 1,681 டாலர். வரம்பும் பிடித்த விகிதமும் ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் எண்ணை ஈடிடி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலில்லாத சுகப்பிரசவத்தில் வழக்கமான வரிசை இப்படிப் போகும். எதிர்பார்த்த தேதிக்கு 4 வாரம் முன்பிருந்து டிஐ. அதன் முதல் 7 நாளுக்கு மாநிலம் பணம் தராது. அந்த வாரத்துக்கு சிக் லீவ் இருப்பைப் பயன்படுத்துங்கள். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் டிஐ, சிசேரியன் என்றால் 8 வாரம். இந்தப் பத்து அல்லது பன்னிரண்டு வாரமும் பிடிஎல் வேலையைக் காக்கும். நிறுவனம் பெரியது என்றால் எஃப்எம்எல்ஏயின் 12 வாரமும் இதே காலத்தில் கூடவே கரையும். டிஐ முடிந்ததும் சிஎஃப்ஆர்ஏ தொடங்கும். அதில் முதல் 8 வாரத்துக்குப் பிஎஃப்எல் பணம், கடைசி 4 வாரத்துக்குப் பிடிஓ அல்லது சம்பளமில்லா விடுப்பு. மொத்தம் 22 வாரம், சிசேரியனில் 24. பிரசவத்துக்கான டிஐ முடியும்போது பிஎஃப்எல்லுக்கு மாறும் படிவத்தை ஈடிடியே அனுப்பும். ஆன்லைன் கணக்கைப் பார்க்காமல் விட்டு வாரக்கணக்கில் பணம் தேங்கிப்போவது அடிக்கடி நடக்கிறது.

சில கம்பெனிகளில் "எங்கள் பாலிசி 12 வாரம்தான்" என்பார்கள். எஃப்எம்எல்ஏயை மட்டும் மனதில் வைத்து எழுதிய பாலிசி அது. கர்ப்பத்தால் வேலை செய்ய இயலாத காலம் சிஎஃப்ஆர்ஏயின் 12 வாரத்தைக் குறைக்காது. கம்பெனி பாலிசி சட்டத்துக்கு மேலே போகலாம், கீழே இறங்க முடியாது.

அப்பாக்களுக்கும் இதே சிஎஃப்ஆர்ஏ 12 வாரமும் பிஎஃப்எல் 8 வாரமும் முழுதாக உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தாலும் ஆளுக்கு 12 வாரம். தொடர்ந்து எடுக்கவேண்டியதும் இல்லை. மனைவிக்கு டிஐ ஓடும் முதல் சில வாரங்களை அப்பா எடுத்து, மிச்சத்தை மனைவி வேலைக்குத் திரும்பியபின் எடுத்தால் டே கேர் தொடங்குவதை இரண்டு மாதம் தள்ளிப்போடலாம். எங்கள் கருத்தில் இதுவே சிறந்த பங்கீடு.

பிடிஓவை இதில் எங்கே செருகுவது

பிஎஃப்எல் தொடங்கும் முன் இரண்டு வாரம் வெகேஷனைத் தீர்க்கும்படி முதலாளி கேட்கலாம் என்று முன்பு விதி இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நீக்கப்பட்டது. பழைய ஹேண்ட்புக்குகளில் அந்த வரி இன்னும் இருக்கிறது. யாராவது கேட்டால் ஏபி 2123 என்ற சட்ட எண்ணைச் சொல்லுங்கள்.

மாநிலப் பணம் வரும் வாரங்களில் பிடிஓ எடுக்கும்படி கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டால், மாநிலம் தருவதற்கும் முழுச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பிடிஓவால் நிரப்பலாம். ஆண்டுக்கு 1,50,000 டாலர் சம்பளம் என்றால் வாரத்துக்குச் சுமார் 2,885. 2025 வரம்பின்படி மாநிலம் 1,681 தரும். இடைவெளி 1,204 டாலர், மணிக்கு 72 டாலர் வீதம் ஏறத்தாழ 17 மணி நேரப் பிடிஓ. எட்டு வாரத்துக்கு 134 மணி நேரம். மாநிலத்திடம் கேட்காமல் எட்டு வாரமும் பிடிஓவாக எடுத்தால் 320 மணி நேரம் போயிருக்கும். "எஸ்டிஐயோடு பிடிஓ இன்டக்ரேஷன் வேண்டும்" என்று பேரோலுக்கு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து வழக்கமான சம்பளத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈடிடி படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தாண்டினால் கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் வேலை செய்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், குழந்தையோடு இருக்கும் எட்டு வாரத்துக்கு அந்த இடைவெளியை ஒரு வரம்புவரை தன் பணத்திலிருந்தே நிரப்பவேண்டும் என்பது நகரச் சட்டம். குறைந்தது 180 நாள் பணியும், வாரவேலையில் 40 சதவீதமாவது நகர எல்லைக்குள் நடப்பதும் நிபந்தனை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் கூடினால் இந்த 40 சதவீதம் நழுவும்.

பிஎஃப்எல் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு, கலிபோர்னியா வரி இல்லை. கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

எச்1பியில் வந்தவர்களுக்கு

எஸ்டிஐ பிடித்தம் உங்கள் சம்பளத்திலும் நடக்கிறது. பணம் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. குடியுரிமையையோ விசா நிலையையோ வைத்து மறுப்பதில்லை. சொந்த வேண்டுகோளின்படி பிரசவத்துக்கோ குடும்பத்தில் நோய்க்கோ எடுக்கும் சம்பளமில்லா விடுப்பு, எச்1பி ஊதிய விதியை முதலாளி மீறியதாகவும் ஆகாது. அதற்காகத்தான் வேண்டுகோள் உங்களிடமிருந்து, எழுத்தில், காரணத்தோடு போகவேண்டும்.

காலக்கணக்கில்தான் சிக்கல். ஈடிடி நீங்கள் விண்ணப்பிக்கும் காலாண்டின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 5 முதல் 18 மாதத்துக்கு முன் வாங்கிய சம்பளத்தைப் பார்க்கிறது. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விடுப்பு தொடங்கினால் முந்தைய செப்டம்பர் 30இல் முடிந்த 12 மாதம். ஏப்ரல் முதல் ஜூன் என்றால் டிசம்பர் 31இல் முடிந்த 12 மாதம். ஜூலை முதல் செப்டம்பர் என்றால் மார்ச் 31, அக்டோபர் முதல் டிசம்பர் என்றால் ஜூன் 30. அந்தக் காலத்தில் எஸ்டிஐ பிடித்த சம்பளம் குறைந்தது 300 டாலர் இருக்கவேண்டும். அக்டோபர் 1 அன்று எச்1பியில் நாட்டுக்கு வந்து சேர்ந்தவர் பிப்ரவரியில் விண்ணப்பித்தால் கணக்கில் ஒன்றும் இராது. அதே விடுப்பை ஏப்ரலில் தொடங்கினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சம்பளம் கணக்கில் வரும். மார்ச் இறுதியில் குழந்தை பிறந்த அப்பாவுக்கு இந்த ஒரு வாரத் தள்ளிவைப்பு எட்டு வாரப் பணத்தைத் தீர்மானிக்கும்.

ஆனால் அவருக்கு 12 மாதப் பணி முடியவில்லை, சிஎஃப்ஆர்ஏ கிடையாது. பணம் வரும், வேலைக்கு உத்தரவாதம் இல்லை. இந்த நிலையில் கம்பெனியின் சொந்த பேரன்டல் லீவ் பாலிசிதான் துணை. மேனேஜரின் வாய்மொழியை நம்பாமல் எச்ஆரிடமிருந்து விடுப்புத் தேதிகளையும் திரும்பும் தேதியையும் எழுத்தில் வாங்கிய பிறகே புறப்படுங்கள்.

ஊரில் பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றால்

தீவிர நோயுள்ள அப்பா, அம்மா, மாமனார், மாமியார், உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி ஆகியோரைக் கவனிக்கவும் பிஎஃப்எல் உண்டு. நோயாளி கலிபோர்னியாவில் வசிக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மதுரையில் இருக்கும் அம்மாவின் இதய அறுவை சிகிச்சைக்காகவும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவர் படிவத்தின் மருத்துவப் பகுதியை ஆங்கிலத்தில் முழுதாக நிரப்பவேண்டும்: நோயின் பெயர், தொடங்கிய தேதி, எதுவரை துணை தேவை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஊரிலிருந்து கிளம்பும் முன் மருத்துவமனையிலேயே உட்கார்ந்து இதை வாங்கிவிடுங்கள். திரும்பி வந்தபின் வாட்ஸாப்பில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

நோயுற்றவரைக் கவனிக்கும் சிஎஃப்ஆர்ஏ விடுப்பில் மாநிலப் பணம் வராத நாட்களுக்கு வெகேஷனை எடுக்கும்படி கம்பெனி சொல்லலாம். எட்டு வாரம் தீர்ந்தபின் ஒன்பதாவது வாரத்தில் இது வரும். எதிர்பார்த்து வையுங்கள்.

துக்கத்துக்கு 2023 முதல் தனி விடுப்பு உண்டு. 5 பேர் உள்ள நிறுவனம், 30 நாள் பணி, 5 நாள் விடுப்பு. சம்பளம் தருவது சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் இருக்கும் வெகேஷனையோ சிக் லீவையோ பயன்படுத்திக்கொள்ளலாம். தொடர்ச்சியாக எடுக்கவேண்டியதில்லை, மூன்று மாதத்துக்குள் முடித்தால் போதும். ஈமச்சடங்குக்கு மூன்று நாளும், பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாளும் என்று பிரிக்கலாம். கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டுமே இது. பெரியப்பாவும் தாய்மாமனும் அத்தையும் பட்டியலில் இல்லை. அவர்களுக்குப் பிடிஓவும் மேனேஜரின் மனமும்தான்.

விண்ணப்பத் தேதிகள்

முன்கூட்டித் தெரிந்த விடுப்பு என்றால் கம்பெனிக்கு 30 நாள் முன்பே எழுதவேண்டும். சிஎஃப்ஆர்ஏ வேண்டுகோளுக்கு 5 வேலைநாளில் அவர்கள் பதில் தரவேண்டும். மருத்துவச் சான்று கேட்டால் உங்களுக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம்.

ஈடிடிக்கு டிஐ விண்ணப்பத்தை வேலை செய்ய இயலாமை தொடங்கி 9 நாள் கழிந்தபின், 49 நாளுக்குள் அனுப்பவேண்டும். பிஎஃப்எல் விண்ணப்பம் விடுப்பின் முதல் நாளிலோ அதற்குப் பிறகோ, 41 நாளுக்குள். முன்கூட்டியே அனுப்புவதும் பிழை. விடுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஆர்வத்தோடு அனுப்பியவர்களின் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும். கணக்கை மட்டும் முன்பே திறந்து அடையாளச் சரிபார்ப்பை முடித்து வையுங்கள்.

மறுத்தால்

எங்கே போவது என்பது, மறுத்தது யார் என்பதைப் பொறுத்தது. ஈடிடி மறுத்தால் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். கடிதத்தோடு வரும் படிவமே போதும். சிக் லீவை மறுத்தாலோ, வெளியேறும்போது வெகேஷன் பணம் தராவிட்டாலோ லேபர் கமிஷனரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சிஎஃப்ஆர்ஏ, பிடிஎல், துக்க விடுப்பு ஆகியவற்றுக்கு சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட் என்ற மாநிலத் துறை. அங்கே மூன்று ஆண்டுவரை அவகாசம் உண்டு.

வேலையிலிருந்து நீக்கினால் கடைசிச் சம்பளமும் பிடிஓ பணமும் அன்றே தரவேண்டும். 72 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு நீங்களாக விலகினால் கடைசி நாளில்; சொல்லாமல் விலகினால் 72 மணி நேரத்துக்குள். வேண்டுமென்றே தாமதித்தால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் வீதம் 30 நாள்வரை அபராதம் உங்களுக்குச் சேரும். இதை நிரூபிக்கக் கடைசி மூன்று பே ஸ்டப்பும் பிடிஓ இருப்பைக் காட்டும் திரையின் படமும் தேவை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்தத் திரையைத் திறக்க முடியாது. ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பும் முன்பே உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்துவிடுங்கள்.